திட்டத்தோடு மலையேறும் நண்பர்களுக்கு

(காசி மலைக் கிராமங்களுக்கு இயற்கை வளப் பணிகளுக்காகச் செல்லும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்)



நீங்கள் வனப் பணியிலோ ஆட்சிப் பணியிலோ தேறி அசாம்–மேகாலயா பிரிவில் சேர்ந்தவராக இருக்கலாம். சமூகப்பணியோ வேளாண்மையோ படித்துவிட்டு, ஏதேனும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக ஷில்லாங்கில் வந்து இறங்கியவராக இருக்கலாம். நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மதிப்பீடு போட வந்த பொறியாளராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், கொஞ்ச நாளிலேயே ஒரு மலைக் கிராமத்தின் பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஊர்க்காரர்கள் முன்னால் எழுந்து நின்று உங்கள் திட்டத்தை விளக்குவீர்கள். அதற்கு முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். அந்த மலைகளில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். காசி மலைகளில் காடும் ஊற்றும் இந்த அளவுக்காவது மிஞ்சியிருப்பதற்குக் காரணம், அங்கே பொதுநிலம் இன்னும் ஊரின் கையில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு நாம் கொண்டுபோகும் திட்டமே அந்த நிலத்தை ஊரின் கையிலிருந்து நழுவவைத்துவிடும். சுரங்கத்தால் வரும் சேதம் எல்லார் கண்ணிலும் படுகிறது. கன்று கொடுத்து, கூலி கொடுத்து நாம் செய்யும் சேதம் யார் கண்ணிலும் படுவதில்லை.

நம் ஊரில் காடு என்றால் வனத்துறை. ஏரி என்றால் நீர்வளத் துறை. மேய்ச்சல் தரை என்றால் வருவாய்ப் பதிவேட்டில் ஒரு புறம்போக்கு எண். இந்தப் பழக்கத்தோடு அங்கே போய் இறங்கினால் முதல் நாளே தடுமாறுவீர்கள். மேகாலயாவில் வனத்துறையின் நேரடிப் பொறுப்பில் இருக்கும் காடு மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் ஊருக்கும் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தம். பஞ்சாயத்து ராஜ் சட்டம் அங்கே செல்லாது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப்படி, 1952 முதல் காசி மலைத் தன்னாட்சி மாவட்ட மன்றம் இருக்கிறது. அதற்குக் கீழே ஹிமா எனப்படும் பழைய சிற்றரசுகள், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு சியெம் தலைவர். அதற்கும் கீழே ஒவ்வொரு ஊருக்கும் தர்பார் ஷ்னோங் என்ற ஊர்ச் சபை, அதன் தலைவராக ராங்பா ஷ்னோங். மாவட்ட மன்றத்தின் 1958-ஆம் ஆண்டு வனச் சட்டம் காடுகளை வகைவகையாகப் பிரித்துச் சொல்கிறது: தெய்வத்துக்கு விட்ட காடு, நீருக்காகவும் ஊரின் தேவைக்காகவும் வெட்டாமல் அடைத்து வைத்த காடு, ஊர்க்காடு, பல ஊர்கள் சேர்ந்த ராய்டின் காடு, குலத்துக்கும் தனியாருக்கும் உரிய காடு. அந்தச் சட்டம் இந்த வகைகளைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஊர் ஏற்கெனவே வைத்திருந்த வழக்கத்தை எழுதிக்கொண்டது.

பட்டா, சிட்டா, அடங்கல் என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. எல்லை என்பது ஓர் ஓடை, ஊன்றிய ஒரு கல், ஒரு முகடு, அவற்றை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள். ஜி.பி.எஸ். கருவியோடு போகும்போது அவர்களைக் கூட்டிக்கொண்டு நடங்கள்.

இனி நிலத்தின் இரண்டு பெரும் பிரிவுகளைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ரி ராய்ட் என்பது ஊருக்கோ, பல ஊர்கள் சேர்ந்த ராய்டுக்கோ உரிய பொதுநிலம். ரி கிந்தி என்பது குலத்துக்கோ குடும்பத்துக்கோ ஒருவருக்கோ சொந்தமான நிலம். ராய்ட் நிலத்தில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த எவரும் பயிர் வைக்கலாம், வீடு கட்டிக் குடியிருக்கலாம். விற்க முடியாது. மூன்று ஆண்டு பயிர் வைக்காமல் போட்டுவிட்டால் நிலம் ஊருக்கே திரும்பிவிடும் என்பது பரவலான வழக்கம். ஆனால் ஒருவர் நிலையாக எதையாவது கட்டிவிட்டாலோ, ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரப்பயிரை வைத்துவிட்டாலோ, அவருடைய அனுபவ உரிமை நீண்டுகொண்டே போய் வாரிசுக்கும் சேர்ந்துவிடுகிறது. ஒரு தலைமுறை கழித்து அந்த நிலத்தைப் பொதுநிலம் என்று சொல்லிப் பார்க்க யாரும் துணிவதில்லை.

இப்போது நம் திட்டப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பயனாளி பெயர், வங்கிக் கணக்கு எண், ஹெக்டேருக்கு இத்தனை கன்று, மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் கன்றுகளின் விழுக்காடு. முந்திரி, ரப்பர், தேயிலை, பாக்கு என்று எதுவாகவும் இருக்கட்டும். சுழற்சி வேளாண்மையில் ஒன்றிரண்டு போகம் எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டிய சரிவு, நாம் கொடுத்த கன்றால் ஒரு குடும்பத்தின் பெயரில் நிலைத்துப்போகிறது. முதலில் பெயர் கொடுப்பவர் யார்? ஆள்பலம் உள்ளவர், பாதையோரத்தில் ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர், நமக்குத் தேநீர் கொடுத்துப் பேசத் தெரிந்தவர். நிலமில்லாத குடும்பம் விறகுக்கு இன்னும் ஒரு மலை தாண்டிப் போகிறது. நம் ஆண்டறிக்கையிலோ பசுமைப் பரப்பு கூடியதாக எழுதப்படுகிறது.

துடைப்பப் புல்லின் கதையும் இதுதான். அந்தப் புல்லை ஒருமுறை நட்டுவிட்டால் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அறுத்துக் கட்டுகட்டாகச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். ஏழைக் குடும்பத்துக்குக் கைக்குப் பணம் வரும் வழி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் புல் அடர்ந்த சரிவில் மரம் தழைப்பதில்லை. அந்தச் சரிவு பழைய காட்டுக்கும் திரும்புவதில்லை, ஊருக்கும் திரும்புவதில்லை.

ஆகவே ஒரு கன்றைக்கூட நடுவதற்கு முன் ஊர்ச் சபையில் எழுத்தில் ஒரு தீர்மானம் வாங்குங்கள். நடும் இடம் ராய்ட் நிலமா, ரி கிந்தியா? ராய்ட் நிலம் என்றால், மரம் வந்த பிறகும் அது ராய்ட் நிலமாகவே இருக்குமா? விளைச்சலில் ஊருக்கு எவ்வளவு, பராமரித்தவருக்கு எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் வர நாளாகும். தர்பாரில் வாக்குவாதம் நடக்கும். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். பொறுத்திருங்கள். நீங்கள் அந்த ஊரில் செய்யப்போகும் வேலைகளிலேயே மிகப் பெரியது அந்த வாக்குவாதத்துக்கு இடம் கொடுப்பதுதான்.

காலம் எடுத்துக்கொண்டு செய்ததால் விளைந்தது என்ன என்று பார்க்க, ஷில்லாங்கிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள மாவ்ப்ளாங்குக்குப் போங்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் போகும் இடம்தான். ஏறக்குறைய 76 ஹெக்டேர் புனிதக் காடு. உள்ளேயிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாது என்பது விதி, அதை இன்றும் மதிக்கிறார்கள். காட்டுக்குள் நடக்கும்போது காலுக்கடியில் மெத்தென்று ஈரம். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் காட்டுக்கு வெளியே இருக்கிறது. புனிதக் காடு அப்படியே நிற்க, அதைச் சுற்றிய மலைகள் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் கல்குவாரிக்கும் காட்டுத்தீக்கும் இரையாகிக்கொண்டிருந்தன. தெய்வ பயம் ஒரு காட்டைக் காத்தது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் காக்க அது போதவில்லை.

அதை உணர்ந்த பத்து ஹிமாக்கள் ஒன்றுகூடின. உமியம் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள 62 கிராமங்கள், சுமார் 27,000 ஹெக்டேர் நிலம். ஹிமாக்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கி, 2011-இல் காசி மலைச் சமூக ரெட் பிளஸ் திட்டத்தைத் தொடங்கின. காடழிப்பைக் குறைத்ததற்கும் காட்டை மீட்டதற்கும் ஈடாகக் கார்பன் கிரெடிட் விற்று, அந்தப் பணத்தை ஊர்களுக்குக் கொண்டுவருவது அதன் வழி. பிளான் விவோ என்ற பன்னாட்டுத் தரச்சான்றும் கிடைத்தது. கார்பன் வணிகத்தைப் பற்றி எனக்கு ஐயங்கள் உண்டு. எங்கோ புகை விடுகிறவர் இங்கே ஒரு மரத்தைக் காட்டிக் கணக்கு நேர்செய்துகொள்வதை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் நான் மதிப்பது அந்தச் சந்தையை அல்ல, அதன் அமைப்பை. புதிதாக எந்த அதிகாரத்தையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊரின் தலைமேல் உட்காரவைக்கவில்லை. பழைய ஹிமாக்களே உறுப்பினர்கள். எந்தக் காட்டை அடைப்பது, எதில் விறகு எடுப்பது என்பதைத் தர்பார்களே முடிவு செய்தன.

அவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி மரம் நடுவது அல்ல. வெட்டுண்ட காட்டில் அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீயும் ஆடுமாடும் அண்டாமல் பார்த்துக்கொண்டு, களையெடுத்துக் கொடுத்தால் அவை தாமாகத் துளிர்த்து மேலே வந்துவிடும். செலவு குறைவு, கண்காணிப்பு அதிகம். முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் காசி பைன். அதன் நிழலில் அகன்ற இலை மரங்கள் மெல்ல இடம்பிடிக்கும்.

இந்த வேலையை நீங்கள் ஒரு நாளாவது கூட நின்று பார்க்க வேண்டும். ஜனவரி முற்பகல், பனி உருகிய புல், முகட்டில் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும். காய்ந்த புல்லையும் உதிர்ந்த பைன் ஊசிகளையும் செதுக்கி ஒதுக்கி, மண் வெளியே தெரிய ஒரு நீண்ட பாதை போடுகிறார்கள். இதுதான் தீத்தடுப்புக் கோடு. பைன் ஊசியில் பிசின் இருப்பதால் சிறு பொறி போதும், ஒரு சரிவே எரிந்துவிடும். அதனால் கடைசி ஊசிவரை வாரித் தள்ளுகிறார்கள். மதியம் இலையில் கட்டிவந்த சோறும் துங்தாப் என்னும் கருவாட்டுத் துவையலும் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். பிறகு குவாய், அதாவது சுண்ணாம்பு தடவிய வெற்றிலையும் பச்சைப் பாக்கும். கோட்டின் மறுபக்கம் அடுத்த ஊரின் காடு. அந்த ஊர்க்காரர்கள் எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கிறார்கள். பிறகு மழை வரும்வரை முறைவைத்துக் காவல்.

இந்தக் கோடு ஜனவரிக்குள் போட்டு முடிக்க வேண்டிய ஒன்று. ஏப்ரல் வரை தீக்காலம். நம்முடைய பணமோ நிதியாண்டு முடியும் மார்ச் கடைசியில் விழும், அதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்ற உத்தரவோடு. மார்ச் கடைசி வாரத்தில் ஒரு மலைக் கிராமம் என்ன செய்யும்? சிமெண்ட் வாங்கும், தடுப்பணை கட்டும். எனவே நீங்கள் எந்தப் பதவியில் இருந்தாலும், அந்த ஊருக்குப் போகும் தொகை நவம்பரிலேயே போய்ச் சேரும்படி கோப்பை நகர்த்துங்கள். அத்துடன், ஒருமுறை கட்டிமுடிக்கும் வேலைகளுக்கு ஒதுக்குவதைக் குறைத்து, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய காவல், களையெடுப்பு, தீக்கோடு ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். இதற்கு நாடா வெட்டும் விழா கிடையாது. காடு வளர்வது இதனால்தான்.

நாள்காட்டி என்றதும் இன்னொன்று. காசிகளின் மரபான வாரத்துக்கு எட்டு நாள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதில் ஒரு நாள் சந்தை. நீங்கள் புதன்கிழமைதோறும் கூட்டம் என்று வைத்தால், ஒரு புதனில் ஊரே சந்தைக்குப் போயிருக்கும். ஞாயிறு தேவாலயம். கூட்டத்துக்கு நாள் குறிக்கும் வேலையை ராங்பாவிடம் விட்டுவிடுங்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாவ்சின்ராமிலும் சோராவிலும் (நாம் பாடப்புத்தகத்தில் படித்த சிரபுஞ்சி) ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் நவம்பர் தொடங்கி மார்ச் வரை அதே ஊர்களில் குடத்தோடு வரிசை நிற்கும். மண் ஆழமில்லை, சரிவு செங்குத்து, மரமில்லாத இடத்தில் பெய்த மழை வந்த வேகத்தில் வங்கதேசச் சமவெளிக்கு ஓடிவிடும். ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைத் தொடக் கூடாது என்று பல ஊர்களில் தர்பார் தடை போட்டிருப்பதன் காரணம் இதுதான். அந்தக் காவலின் பயன் அந்த ஊரோடு நிற்பதில்லை. ஷில்லாங் நகரத்தின் குழாய்களில் வரும் நீரில் முதன்மையான பங்கு மாவ்ப்ளாங் அணையிலிருந்து வருகிறது. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் மலையைக் கிராமத்து இளைஞர்கள் காய்ந்த புல்லைச் செதுக்கிக் காக்கிறார்கள். இதற்கு நகரம் அவர்களுக்கு என்ன கொடுக்கிறது என்ற கேள்வியை, மாவட்டக் கூட்டங்களில் உட்காரும் நீங்கள் எழுப்பலாம்.

அடுத்து நான் எழுதப்போவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். காசிகள் தாய்வழிச் சமூகம். குலம் தாயின் பெயரில் போகிறது, மூதாதையர் சொத்து கடைக்குட்டி மகளிடம் சேர்கிறது. ஆயினும் தர்பாரில் மரபாக ஆண்களே அமர்ந்து முடிவெடுத்து வந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் இதில் தலையிடலாமா என்று தயங்கி, நம்மில் பலர் கண்ணை மூடிக்கொள்கிறோம். நான் கண்ட ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத் தரையில் சுண்ணக்கட்டியால் ஊரின் வளவரைபடத்தை ஆண்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். நல்ல படம். வாசற்படியில் நின்ற ஒரு கோங் (அக்காளை அப்படித்தான் அழைப்பார்கள்) நெற்றிப் பட்டையில் தொங்கிய கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் நீலத்தில் குறித்த ஊற்றுகளில் இரண்டைக் காட்டி, ஜனவரியில் இதில் தண்ணீர் இல்லை என்றார். இன்னொன்றைக் குறிக்கவே இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னபடி படம் திருத்தப்பட்டது. அவர் உள்ளே வந்து உட்காரவில்லை.

கட்டளையிட்டு இதை மாற்ற முடியாது. ஆனால் வழி இருக்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்காக மேகாலயாவில் அமைந்த கிராம வேலைவாய்ப்பு மன்றங்களில், வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இடம்பெறுகிறார்கள். அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. உங்கள் வளத் திட்டத்தை அந்த மன்றத்தின் பெண்கள் தனியே கூடிப் பார்த்துச் சொன்ன பிறகே தர்பாருக்கு எடுத்துச் செல்லுங்கள். ஊற்று, விறகு, காட்டுக்கீரை மூன்றிலும் அவர்கள் சொல் இல்லாமல் எந்த முடிவும் முழுமையல்ல. மேற்குக் காசி மலைப் பக்கம் தோமியாசியாட்டில் யுரேனியச் சுரங்கத்துக்குத் தன் நிலத்தைத் தர மறுத்து, 2020-இல் மறையும்வரை அந்த மறுப்பில் நின்ற கோங் ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரினை அந்த மலைகள் இன்றும் போற்றுகின்றன. நிலம் அவர் கையில் இருந்ததால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. பொதுநிலத்தைப் பற்றிய கூட்டத்தில் அதே எடை பெண்களுக்குக் கிடைக்க வேண்டும்.

நிலம் மக்கள் கையில் இருந்தால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பக்கத்து ஜைந்தியா மலைகளைப் பாருங்கள். நிலக்கரி கிடந்த நிலமும் மக்களுடையதுதான். அது தனித்தனியாகப் பிரிந்து கைமாறிய இடங்களில் எலிவளைச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை விதித்தது. தடைக்குப் பின்னும், 2018 டிசம்பரில் க்சானில் வெள்ளம் புகுந்த சுரங்கத்துக்குள் 15 தொழிலாளர்கள் சிக்கினார்கள். லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலம் பாரித்து மீனில்லாமல் போகிறது. நிலத்தின் மண்ணும் கனிமமும் நிலவுடைமையாளருக்கே உரியவை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒப்புக்கொண்டு, சுரங்கச் சட்டப்படி அனுமதி பெற்றே தோண்ட வேண்டும் என்றும் சொன்னது. உடைமை மட்டும் ஆற்றைக் காக்கவில்லை. ஊர் கூடி முடிவெடுத்து, மீறியவரிடம் தண்டம் வாங்கும் வலிமை இருந்த இடங்களிலேயே காடும் நீரும் தப்பின. அந்த வலிமை பொதுநிலத்தோடு ஒட்டியது. பொதுநிலம் குறையக் குறைய, தர்பார் கூடிப் பேசுவதற்கே பொருள் இருக்காது.

உலக வங்கி 2018-இல் 4.8 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த, சமூகம் வழிநடத்தும் நிலவெளி மேலாண்மைத் திட்டம் 400 கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஊரே தன் இயற்கை வளத் திட்டத்தை எழுத வேண்டும் என்று விதித்தது. ஊர் இளைஞர்களே பயிற்சி பெற்று அந்த வேலையைச் செய்தார்கள். நல்ல தொடக்கம் என்றே கருதுகிறேன். அந்த வழியில் நீங்கள் தொடரும்போது, திட்ட ஆவணத்தைக் காசி மொழியில் எழுதச் செய்யுங்கள். அது ரோமன் எழுத்தில் எழுதப்படும் மொழி, எந்தக் கணினியிலும் தட்டச்சு செய்யலாம். வரைபடத்தின் மூலப்படி ஊரில் இருக்கட்டும், நகலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தர்பாருக்குப் போட்டியாகப் புதுக் குழு ஒன்றை உண்டாக்கி, அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, திட்டம் முடிந்ததும் கைவிட்டுப் போகாதீர்கள். குழு வேண்டுமென்றால் அது தர்பாருக்குக் கணக்குச் சொல்லும் குழுவாக இருக்கட்டும்.

ஊர் வேண்டாம் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். 2021 ஏப்ரலில், உம்ங்கோட் ஆற்றில் வரவிருந்த 210 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கிராமத்தவர்கள் நடக்கவிடவில்லை. அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த ஆற்றில் மீன் பிடித்தும், படகு ஓட்டியும், கரையில் பயிர் வைத்தும் வாழ்கிறவர்கள் தங்கள் பிழைப்பை நன்றாகக் கணக்குப் போட்டே அந்த முடிவுக்கு வந்தார்கள். சிறிய திட்டத்துக்கும் அதே உரிமை அவர்களுக்கு உண்டு, உங்கள் இலக்கு ஓர் ஊர் குறைந்தாலும் சரி.

முதல் நாள் ஊருக்குள் போனதும் ராங்பாவைப் பார்த்து அனுமதி கேளுங்கள். குவாய் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்தைப் பற்றி அன்று பேச வேண்டாம். எந்தச் சரிவு ராய்ட் நிலம், இருபது ஆண்டுக்கு முன் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, அவர்களோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தலைமையகத்துக்கு நீங்கள் அனுப்பும் முதல் அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கட்டும். திட்டம் முடியும் ஆண்டில் அதே சரிவுகளை அவர்களோடு இன்னொரு முறை நடந்து பார்த்து, கடைசி அறிக்கையிலும் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே அந்த மலைகளில் நடந்த ஒருவன்